நான் தைத்த பிடி

என் வலது கை ஆள்காட்டி விரல் எப்படிப் போனது என்று கேட்பவர்களிடம் "வயர்லெஸ் சுட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். வயர்லெஸ் எங்கேயாவது சுடுமா என்று சிரிப்பார்கள். சுடும். சின்ன விமானங்களை ஓட்டுகிறவர்களும், அவற்றைத் துடைக்கிறவர்களும், தைக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் மாணிக்கம். ஊர் ஆம்பூர். தொழில் தோல் தையல். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் கழித்து வேலூருக்கு வெளியே இருக்கும் விமானத் திடலில் ஒரு சர்வே கம்பெனி வந்து கூடாரம் போட்டது. பாலாற்றையும் ஏரிகளையும் மேலிருந்து படம் எடுக்கும் வேலை. ஒரே ஒரு சின்ன விமானம். அதை ஓட்டியவர் கேப்டன் டேனியல். வேலூர்க்காரர்தான், பள்ளிக்கூட வாத்தியார் மகன். விமானத்தின் சீட்டும் பெல்ட்டும் கிழிந்திருந்தன. தைக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பத்து நாள் வேலை என்று போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆம்பூர் போவேன்.

கேப்டன் சீட்டுக்குப் பின்னால் வயர்லெஸ் செட்டு இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி கிளம்பி, கேப்டனின் வலது தோளுக்குப் பக்கத்தில் மேலே ஏறி, கூரை ஓட்டை வழியாக வெளியே போய் வாலில் கட்டியிருக்கும். அதற்கு ஏரியல் என்று பெயர். உள்ளே இருக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பீங்கான் உறை. கேப்டன் பேச வேண்டுமென்றால் இடது கையில் பிடித்திருக்கும் ஓட்டுகிற கம்பியில் ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துவார். அழுத்தினால் செட்டு கரண்டை ஏரியலுக்குத் தள்ளும். அழுத்தாவிட்டால் கேட்கத்தான் முடியும். கேட்கும்போது ஏரியலில் ஒன்றும் இருக்காது. பேசும்போதுதான் ஆபத்து. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மாசி மாதம் சீட்டுக்கு ஆணி அடிக்கும்போது என் சுத்தி பீங்கானில் பட்டது. துண்டு துண்டாகக் கொட்டியது. வயர்லெஸ் பார்க்கிற வரதன் சார் அப்போது லீவில் மெட்ராஸ் போயிருந்தார். எனக்குப் பயம். வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் தோல் மண்டியில் யாருக்காவது ஷாக் அடித்தால் தோல் வாரைப் போட்டு இழுப்போம். தோலில் கரண்ட் பாயாது என்பது எங்களுக்குப் பாடம் மாதிரி. அதனால் குரோம் மருந்தில் பதப்படுத்திய தோலை இரண்டு மடிப்பாக வைத்து, மெழுகு நூல் போட்டு, அந்தக் கம்பிக்கு ஓர் உறை தைத்தேன். நல்ல தையல். கேப்டன் வந்து பார்த்தார்.

"இன்னா மாணிக்கம், பீங்கான் எங்க?"

"தானா வெடிச்சு வுழுந்துடுச்சு சார். இது பத்திரமா இருக்கும்."

அவர் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "நல்லா கீதுய்யா. ஆட்டம் ஜாஸ்தியா இருந்தா புடிச்சிக்கலாம்."

அன்றிலிருந்து அது பிடி ஆகிவிட்டது. கீழே குனிந்து ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வலது கையால் அதைப் பிடித்துக்கொள்வார். வரதன் சார் லீவு முடிந்து வந்தார். அவரும் அதைப் பார்த்து, கேப்டன் கேட்டு நான் தைத்துக் கொடுத்த பிடி என்றே நினைத்துக்கொண்டார். வெயில் காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கேப்டன் ஒரு தடவை கையைத் தேய்த்தார். நான் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

ஆவணியில் மழை பிடித்தது. விமானத்தின் கூரை ஒழுகும். தோல் நனைந்து ஊறிவிட்டது. ஒரு நாள் காலையில் நான் பின் சீட்டில் பெல்ட்டு தைத்துக்கொண்டிருந்தேன். கேப்டன் முன்னால் உட்கார்ந்து செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க அந்தப் பிடியில் கை வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் பட்டனை அழுத்தினார்.

ஷாக் அடிக்கிற மாதிரி உதறவில்லை. சூட்டுக்கோல் வைத்த மாதிரி இருந்தது. மாட்டுக் குளம்பு கருகுகிற வாசனை வந்தது. கையை எடுத்துப் பார்த்தால் ஆள்காட்டி விரல் நுனியில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. ரத்தம் இல்லை.

"இன்னாய்யா ஆச்சு?" என்று கேப்டன் திரும்பினார்.

"ஊசி குத்திடுச்சு சார்."

அந்தப் பொய்தான் அதற்கப்புறம் என்னோடு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது.

மூன்றாம் நாள் புள்ளி கறுப்பானது. வலி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தேன், உணர்ச்சி இல்லை. கறுப்பைச் சுற்றி விரல் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போனேன். என் மனைவி கன்னியம்மா விரலைப் பார்த்துவிட்டுக் கம்பவுண்டரிடம் கூட்டிப்போனாள். அவர் மஞ்சள் மருந்து வைத்துக் கட்டினார். அடுத்த நாள் காய்ச்சல் வந்தது. கை முழங்கை வரை வீங்கியது. அதற்கடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவள் என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

காத்திருக்கும் இடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. கன்னியம்மா தன் முந்தானையைத் தரையில் விரித்து அதன் மேல் என்னை உட்கார வைத்தாள். குடியாத்தத்து நெசவாளி ஒருவர் பக்கத்தில் இருந்தார். என் விரலைப் பார்த்து, தன் மூட்டையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அப்போது ஏன் என்று புரியவில்லை.

டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை செய்றீங்க?"

"தோல் தையல்."

"இது எப்படி ஆச்சு?"

"ஊசி குத்திடுச்சும்மா."

"வலிக்குதா?"

"இல்லம்மா. மரத்துப் போய்க் கீது."

அவர் உடனே எழுந்து போய்க் கையைக் கழுவினார். பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மாட்டுக்கு அடைப்பான் வரும் இல்லையா, அதே வியாதி பச்சைத் தோலில் இருந்து மனுஷனுக்கும் தொற்றும். குத்தின இடத்தில் கறுப்பாகப் பக்குக் கட்டும். வலிக்காது. அதுதான் அடையாளம். தோல் தொழில் செய்கிறவர்களுக்கு வருகிறதை இந்தப் பக்கத்து டாக்டர்கள் அறிவார்கள்.

அவர்கள் மேல் தப்பு இல்லை. தோல்காரன், ஊசி குத்து, வலிக்காத கறுப்பு. நான் கொடுத்த மூன்றும் அடைப்பானுக்குத்தான் பொருந்தின.

வராந்தாக் கடைசியில் இருந்த தனி அறையில் என்னைப் போட்டார்கள். யாரும் உள்ளே வரக்கூடாது. பென்சிலின் ஊசி போட்டார்கள். கறுப்புக்கு ஓரத்திலிருந்து நீர் எடுத்துக் கண்ணாடியில் தடவி, பூதக்கண்ணாடியில் வைத்துக் கிருமி தேடினார்கள். என் தட்டைத் தனியாக வேகவைத்தார்கள். கன்னியம்மாவுக்கும் ஒரு பரிசோதனை.

"வெட்டி எடுத்துடுங்களேன்" என்று எஸ்தர் சிஸ்டரிடம் கேட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வருவார்.

"அடைப்பான்ல கத்தியே வைக்கக் கூடாதுங்க. வெட்டினா விஷம் ரத்தத்துல எறங்கிடும். தானா உதிரணும்."

ஆக, கத்தி வைக்க வேண்டிய விரலில் அவர்கள் கத்தி வைக்கவில்லை. என் பொய்தான் தடுத்துக்கொண்டிருந்தது.

அந்த அறைக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். கன்னியம்மா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. கஞ்சி காய்ச்சிச் சிஸ்டர் கையில் கொடுத்தனுப்புவாள். நான் குடித்து முடிக்கும் வரை ஜன்னலில் நிற்பாள்.

"உப்பு போதுமா?"

"போதும்."

"பொய் சொல்லாத. உப்பே போடல."

அதற்கு நான் சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அடைப்பான் என்றால் அது தொழில் வியாதி. யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். உண்மை என்றால் சுத்தி, பீங்கான், தோல் உறை எல்லாம் வெளியே வரும். கேப்டனுக்கு ஒன்றும் ஆகாது, தோல் காய்ந்துவிடும், மழையில் அவர் பறக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் அறைக்கு வந்த மறுநாள், புதன்கிழமை, கேப்டனே வந்தார். ஜன்னலுக்கு எட்ட நின்றார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து சிஸ்டரிடம் கொடுத்தார்.

"இன்னாய்யா, மாட்டு வியாதிய புடிச்சிக்கினு படுத்துட்ட?"

"ஆமா சார்."

"மழை விட்டுடுச்சு. வெள்ளிக்கிழமை கெளம்பறோம். ஆத்துல தண்ணி இருக்கும்போதே படம் எடுக்கணுமாம். காத்து ஜாஸ்தியா இருக்கும், பேஜாருதான். பரவால்ல, ஒன் புடி கீது."

நான் வாயைத் திறந்தேன். "பாத்துப் போங்க சார்" என்று மட்டும் வந்தது.

அவர் போனார். வாழைப்பழத்தை நான் தொடவில்லை.

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்து கண்ணாடியில் கிருமி எதுவும் தெரியவில்லை என்றார். ஆனால் காய்ச்சலும் இறங்கவில்லை. விரல் முதல் கணு வரை கறுத்திருந்தது. "புரியலயே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வானம் துடைத்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வந்த கன்னியம்மா, "கம்பெனி ஆளு ஒருத்தரு பஸ் ஸ்டாண்டுல பாத்தாரு. நீ எழுந்து வந்ததும் இடது பக்கமும் ஒரு புடி தைச்சுத் தரணுமாம். கேப்டன் சொன்னாராம்" என்றாள்.

இரண்டு பக்கமும் பிடி.

"கன்னி. ஊசி குத்தல."

"இன்னாது?"

"விரல்ல ஊசி குத்தல. அந்தப் புடி சுட்டது."

நடந்ததை எல்லாம் சொன்னேன். சுத்தியைப் பற்றிச் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி குத்திச்சாம் ஊசி. முப்பது வருஷமா ஊசி புடிக்கிற ஆளு. நான் அன்னிக்கே நெனச்சேன்யா! அந்த மனுஷன் வந்து நின்னாரே, பழம் குடுத்தாரே, அப்போ வாயில இன்னா வெச்சிருந்த?"

"நீ போ. அவரு ஏர்றதுக்குள்ள போ."

அவள் முதலில் சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டாள். "அடைப்பான் இல்ல சிஸ்டர், கரண்டு சுட்டது, டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா வந்தார். திட்டவில்லை. மறுபடியும் முதலில் இருந்து கேட்டார். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன், எந்த இடம், மறு கை எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று எல்லாம் கேட்டார். மறு கை இரும்புச் சட்டத்தில் இருந்தது என்றேன்.

அவர் சொன்னது இது. நெருப்பு மேலிருந்து கீழே சுடும். மேல் தோல் முதலில் போகும், உடனே தெரியும். இந்தக் கரண்ட் உள்ளே இறங்கிச் சுடும். வெளியே அரிசி அளவு, உள்ளே எலும்பு வரை வெந்துபோயிருக்கும். நரம்பும் வெந்துவிடுவதால் வலிக்காது. செத்த சதை உள்ளேயே அழுகும். மேலே மருந்து போட்டுப் பயன் இல்லை.

"மூணு நாள் முன்னாடி சொல்லியிருந்தா ஒரு கணுவோட போயிருக்கும்" என்றார்.

அன்றைக்கே அறுவை. கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, முகத்துக்கு நேரே ஒரு துணி கட்டினார்கள். எனக்கு நினைவு இருந்தது. காது கேட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. எங்கள் விமானம். இரண்டு வருஷம் கேட்ட சத்தம், தப்பாது. மேற்கே இருந்து வந்து ஆஸ்பத்திரி மேல் கடந்து ஆற்றுப் பக்கம் போனது.

அவர் ஏறிவிட்டார். கன்னியம்மா போய்ச் சேரவில்லை.

டாக்டர் என் விரலில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஆற்று மேல் வட்டம் போடுகிறது. இப்போது கீழே குனிவார். இப்போது பிடிப்பார். பட்டனை அழுத்தி வரதன் சாரிடம் பேசுவார். கை அதிலேயே சுருங்கிக்கொண்டால்? கையை உதறும்போது விமானம் கவிழ்ந்தால்? மழைத் தண்ணீர் ஊறிய தோல் அது. நான் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தது. இன்னும் காய்ந்திருக்காது.

"அசையாதீங்க" என்று சிஸ்டர் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் திரும்பியது. நேராக மேற்கே போனது. பிறகு கேட்கவில்லை. விழுந்த சத்தமும் கேட்கவில்லை.

என்னை அறைக்குக் கொண்டுவந்து வெகு நேரம் கழித்து, சாயங்காலம், கன்னியம்மா வந்தாள். இப்போது அவளை உள்ளே விட்டார்கள், தொற்று வியாதி இல்லை என்று ஆனதால். காலெல்லாம் சேறு. கட்டிலில் உட்கார்ந்து முதலில் என் கைக்கட்டைப் பார்த்தாள். எத்தனை விரல் என்று எண்ணினாள். பிறகு சொன்னாள்.

"நான் போறதுக்குள்ள ஏறிட்டாருய்யா. வாச்மேன் உள்ள வுடல. கம்பி வேலில பூந்து ஓடுனேன். வரதன் சார் கூடாரத்துல காதுல மாட்டிக்கினு உக்காந்திருந்தாரு. 'சார், அது புடி இல்ல, பீங்கான் ஒடஞ்ச எடம், தோல வெச்சு மூடிக் கீது'ன்னேன். எழுந்த வேகத்துல நாற்காலி சாஞ்சிடுச்சு. மைக்கை வாயில வெச்சாரு. மொதல் வார்த்தையே, 'பட்டன அழுத்தாதீங்க, பதில் சொல்லாதீங்க'ன்னாரு. கூப்ட்டா பதில் சொல்றது அவங்க பழக்கமாமே. பதில் சொன்னாத்தான் சுடுமாமே. 'புடியத் தொடாதீங்க. புரிஞ்சா றெக்கைய ஆட்டுங்க'ன்னு மூணு வாட்டி சொன்னாரு."

"ஆட்டுச்சா?"

"மொதல்ல ஆட்டல. நான் வெளிய ஓடி வந்து மேலயே பாத்துக்கினு நின்னேன். அப்பறம் இந்தப் பக்கம் ஒரு வாட்டி, அந்தப் பக்கம் ஒரு வாட்டி ஆட்டுச்சுய்யா. வரதன் சாரு தரையிலயே உக்காந்துட்டாரு."

சொல்லிவிட்டு என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் கேப்டனும் வரதன் சாரும் வந்தார்கள். கேப்டனின் வலது உள்ளங்கையில் கட்டு. மேலே ஏறியதும் ஒரு தடவை பட்டனை அழுத்தியிருக்கிறார், பிடியைப் பிடித்துக்கொண்டு. சுருக்கென்று இருந்ததும் விட்டுவிட்டார். பிடி வெயிலில் சூடாகிவிட்டது என்று நினைத்தாராம். இரண்டாவது தடவை அழுத்தப் போகும்போதுதான் வரதன் சாரின் குரல் வந்திருக்கிறது. டாக்டரம்மா அவர் கையையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஆழம் இல்லை, ஆனால் தினமும் வந்து காட்ட வேண்டும், சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வரதன் சாருக்குத்தான் கோபம்.

"மேஸ்திரி, தோல் கரண்ட் விடாதுன்னு யாரு சொன்னது ஒனக்கு? குரோம் தோல்ல முழுக்க உப்பு. நனைஞ்சா கம்பிதான். காஞ்சிருந்தாலும் இந்தக் கரண்ட் வீட்டுக் கரண்ட் மாதிரி கெடையாது, தாவும். அத வுடு. பீங்கானா இருந்தா எவனும் கை வைக்க மாட்டான். தோல்னா புடிக்கத் தோணும். நீ சுடற எடத்துல புடி தைச்சு வெச்சிருக்க."

அவர் சொன்னது சரி. கம்பி அங்கே மொட்டையாக இருந்திருந்தால்கூட எல்லாரும் விலகி உட்கார்ந்திருப்பார்கள்.

கேப்டன் கேட்டார். "பீங்கான் தானா வெடிச்சுதுன்னு சொன்ன இல்ல?"

"சுத்தி பட்டுச்சு சார். நான்தான்."

அவர் தன் கைக்கட்டைப் பார்த்தார். "எறும்பு கடிக்குதுன்னு சொன்னேனே, அன்னிக்கே நானாவது தூக்கிப் பாத்திருக்கணும்" என்றார். வேலையை விட்டுப் போ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லாமலே போனார்.

இன்னும் இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். தினமும் கட்டு அவிழ்ப்பார்கள். இப்போது வலித்தது. வலி வந்ததும் டாக்டரம்மா, "நல்லது, உயிர் இருக்கு" என்றார். விரலில் அடிக்கணு மட்டும் மிஞ்சியது. தோலின் பதம் பார்க்க எங்களுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். இனிமேல் நடுவிரலைப் பழக்க வேண்டும். கன்னியம்மா தன் பழைய புடவை ஓரத்தைக் கிழித்துக் கொடுத்து, அதைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டச் சொன்னாள். உருட்டினேன். என்னைப் பொது வார்டுக்கு மாற்றியபோது குடியாத்தத்து நெசவாளி எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அவர்தான் நூல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்குத் தள்ளி உட்கார்ந்ததற்கு மன்னிப்பு மாதிரி.

இதைப் படிக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏரியல் பக்கம் கை வைக்காதீர்கள். அதன் மேல் எதையும் சுற்றாதீர்கள். பேசப் போகிறவர் பட்டனை அழுத்தும் முன்னால் எல்லாருக்கும் சொல்லட்டும். வெள்ளையாகச் சின்னப் புள்ளி வந்தால், வலிக்காவிட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போனால் நடந்ததைச் சொல்லுங்கள். ஊசி குத்தியது என்று சொல்லாதீர்கள்.

கை ஆறியதும் திடலுக்குப் போனேன். என் சாமான் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் போனேன். விமானத்தில் புதுப் பீங்கான் இருந்தது. அதைச் சுற்றி வரதன் சார் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். கேப்டன் உள்ளே உட்கார்ந்து செட்டைச் சோதிக்கத் தயாராக இருந்தார். என்னைப் பார்த்ததும், "பின் சீட்டுல பெல்ட்டு அப்படியே பாதியில கெடக்குது, ஏறு" என்றார்.

ஏறினேன். ஊசியை எடுத்தேன்.

"கை" என்றார் கேப்டன்.

புரியாமல் பார்த்தேன்.

"இப்போ இது ரூலு. பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி உள்ள கீறவங்க எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டணும். காட்டு."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். அவரும் ஓட்டுகிற கம்பியை விட்டுவிட்டுத் தன் இரண்டு கையையும் தூக்கினார். பின்னால் திரும்பி ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"பத்தொம்பது. சரியாக் கீது" என்றார்.

பிறகு பட்டனை அழுத்தினார்.